மர நாற்றங்காலில் வேமும் டிரைக்கோடெர்மாவும்: எங்கே, எவ்வளவு, எப்போது

நாற்றங்கால்காரரிடம் பூஞ்சாணம் என்று சொன்னால் கை தானாகக் கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிப் பொட்டலத்தைத் தேடும். நேற்று மாலை நிமிர்ந்து நின்ற கன்றுகள் விடிவதற்குள் கழுத்து மெலிந்து பாத்தியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் அந்த மருந்தை ஊற்றும்போது நோய்க் கிருமியோடு கன்றுக்குச் சோறு போடும் பூஞ்சாணமும் சாகிறது.

வேம்பு, புங்கன், வேங்கை, தேக்கு, மலைவேம்பு, மகோகனி, செஞ்சந்தனம், புளி என்று நாம் வளர்க்கும் மரங்களில் பெரும்பாலானவை வேருக்குள் ஒரு பூஞ்சாணத்தைக் குடிவைத்துத்தான் வாழ்கின்றன. வேளாண் துறை இதை வேர் உட்பூசணம் என்கிறது. கடையில் வேம் என்று கேட்டால் கொடுப்பார்கள். காட்டில் விழும் விதைக்கு இது மண்ணிலேயே காத்திருக்கும். பாலித்தீன் பையில் அப்படியல்ல. பத்தடி ஆழத்தில் வெட்டியெடுத்த செம்மண்ணில் இது இருப்பது அபூர்வம். தென்னைநார்க் கழிவில் கிடையாது. நாம் சேர்த்தால்தான் உண்டு.

இன்னொன்று டிரைக்கோடெர்மா விரிடி. இரண்டும் பூஞ்சாணம் என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. டிரைக்கோடெர்மா மக்கில் வாழும். கன்றின் கழுத்தை மெலியவைத்துச் சாய்க்கும் நாற்றழுகல் நோயைக் கொண்டுவரும் பித்தியம், ரைசோக்டோனியா, பியூசேரியம் ஆகியவற்றைச் சுற்றி வளைத்துத் தின்னும், அவற்றின் இடத்தையும் தீனியையும் முந்திப் பிடிக்கும். வேம் உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே வளராது. வேருக்குள் நுழைந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். மணிச்சத்து மண்ணில் நகராத சரக்கு. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பது தீர்ந்துவிட்டால் வேர் பட்டினி. வேம் இழைகளோ பல சென்டிமீட்டர் தாண்டிப் போய் எடுத்துவரும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் போதும், எதை எங்கே போடுவது என்பதில் குழப்பம் வராது: டிரைக்கோடெர்மாவை எருவில், விதைக்கு முன்பே, வேமை வேர் தொடும் இடத்தில், விதையோடு.

1,000 பைக்கு எவ்வளவு

13 × 25 செ.மீ. பை ஒன்று ஏறக்குறைய 1.2 லிட்டர் கலவை பிடிக்கும். ஆயிரம் பைக்கு 1,200 லிட்டர். 14 லிட்டர் பிடிக்கும் இரும்புச் சட்டியில் அளந்தால் 84 சட்டி சொச்சம். செம்மண் 42, மணல் 21, மக்கிய தொழுவுரம் 21 என்பது பழகிய 2:1:1 விகிதம். களிமண் கலந்த செம்மண் என்றால் மணலை ஏழெட்டுச் சட்டி கூட்டுங்கள். பையின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கினால் வேருக்கும் மூச்சில்லை, வேமுக்கும் மூச்சில்லை, பித்தியத்துக்கு மட்டும் கொண்டாட்டம்.

கலவையைப் போன வருடத்துப் பைகளிலிருந்து கொட்டியெடுக்கிறீர்கள் என்றாலோ, முன்பு அழுகல் வந்த இடத்து மண் என்றாலோ, வெயில் மூட்டம் போடுங்கள். சித்திரை, வைகாசியில் மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண் அணைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம். சூடு தாளிலேயே நின்றுவிடும். நனைக்காமல் மூடினாலும் பலன் பாதிதான், ஈரம்தான் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது. மூட்டம் போட்ட மண் காலி மனை மாதிரி. முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்களுக்கே பட்டா. அதனால் தாளை எடுத்த கையோடு டிரைக்கோடெர்மா எருவைக் கலந்துவிட வேண்டும், வாரக்கணக்கில் திறந்து போடக்கூடாது.

டிரைக்கோடெர்மாவை எருவில் ஏற்றுவது

21 சட்டித் தொழுவுரம் 150 கிலோ அளவுக்கு வரும். 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் 1.5 கிலோ டிரைக்கோடெர்மா போதும். எருவை நிழலில் பரப்பி, பொடியைத் தூவிப் புரட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கவும். கைப்பிடி எடுத்துப் பிசைந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. ஓர் அடி உயரக் குவியலாக்கி ஈரச் சாக்கால் மூடி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிக்கொடுத்தால் முதலில் வெள்ளை நூலும், பிறகு பாசிப்பச்சைப் பூச்சும் தெரியும். பதினைந்து நாளில் எரு தயார்.

பச்சை வராமல் அம்மோனியா நெடி அடித்தால் எரு மக்கவில்லை என்று பொருள். சூடு பிடித்த சாணத்தில் டிரைக்கோடெர்மா வாழாது. அந்தக் குவியலை இன்னும் இரண்டு மாதம் மக்கவிட்டுப் புதிதாகப் பொடி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பொட்டலத்தில் தயாரித்த தேதியைப் பாருங்கள். டால்க் பொடியில் கலந்த சரக்கு சாதாரண அறைவெப்பத்தில் நான்கு மாதம் வரைதான் நம்பத்தக்கது. தகரக் கூரைக்கடியில் கோடையைக் கழித்த பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் டால்க் மட்டும்.

விதைக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்: கிலோ விதைக்கு 4 கிராம், ஆறிய கஞ்சித் தண்ணீரில் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துவது. வெந்நீரில் ஊறவைக்க வேண்டிய விதைகளுக்கு அந்த வேலையெல்லாம் முடிந்து, ஆறி, வடிந்த பிறகே இது. தேக்குக் கொட்டையை நனைத்துக் காயவைக்கும் சுற்றுகளுக்கும் இதே விதி.

வேம்: வேர் தொடும் இடம்

வேம் சரக்கு வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளிலோ மணலிலோ கலந்து வரும். அதற்குள் இருப்பவை வித்துகள், இழைகள், பூஞ்சாணம் குடியிருக்கும் நறுக்கிய வேர்த்துண்டுகள். பூஞ்சாணத்துக்குக் கால் கிடையாது; இளவேர் அதன்மேல் மோத வேண்டும். பையின் மேல்மண்ணில் தூவித் தண்ணீர் விடுவது பலர் செய்யும் தவறு. கீழே போகும் வேருக்கும் மேலே கிடக்கும் வித்துக்கும் சந்திப்பே நடக்காது.

தாய்ப்பாத்தியில் விதைப்பவர்கள் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடுத்துக்கொள்ளவும். 10 × 1 மீட்டர் பாத்திக்கு 1 கிலோ. இரண்டு மூன்று செ.மீ. மேல்மண்ணை ஒதுக்கி, வேமைச் சீராகப் பரப்பி, மண்ணை மூடி அதன்மேல் விதைக்க வேண்டும். முளைத்த வேர் அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் இறங்கும்.

பையில் நேராக விதைத்தால் பைக்கு 5 முதல் 10 கிராம். கலவையோடு மொத்தமாகக் கலப்பதானால் 1,000 கிலோவுக்கு 10 கிலோ என்பது பரிந்துரை. நம் ஆயிரம் பைக் கலவை ஒன்றரை டன்னை நெருங்கும், அதற்கு 14, 15 கிலோ ஆகிவிடும். விதை விழும் குழியில் ஒரு தேக்கரண்டி போட்டு, மேலே ஒரு விரல் மண் தள்ளி, விதை வைத்தால் செலவும் குறையும், குறியும் தப்பாது. தாய்ப்பாத்தியிலிருந்து பிடுங்கி நடும் கன்றுக்குக் குச்சியால் குழி போட்டு, குழிக்குள் வேமைக் கொட்டி, வேர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி நட வேண்டும். தாய்ப்பாத்தியிலேயே கொடுத்திருந்தாலும் பையில் 5 கிராம் கொடுப்பது வீண் இல்லை. பிடுங்கும்போது அறுந்து போகும் நுனிவேர்களில்தான் பூஞ்சாணம் அதிகம்.

குழித்தட்டிலும், வேரை நேராக இறங்கவைக்கும் பிளாஸ்டிக் குப்பியான ரூட் டிரெய்னரிலும் தென்னைநார்க் கலவை நிரப்புவோருக்கு வேமின் பலன் கண்கூடாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கலவையில் போட்டிக்கு வேறு வேம் இல்லை. குழிக்கு 5 கிராம் போதும்.

முதல் மூன்று நான்கு வாரம் வேம் இட்ட கன்று இடாததைவிடச் சற்றுப் பின்தங்கியும் தெரியலாம். கன்று தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு பூஞ்சாணத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து உரம் ஊற்றுபவர்தான் ஏமாறுகிறார்.

எங்கே கெடுகிறது

வேம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களின் நாற்றங்காலில் நான்கு பழக்கங்களைத் தேடிப் பார்த்தால் ஒன்றாவது இருக்கும்.

முதலாவது டிஏபி, மணிச்சத்து நிறைந்த கடை உரம். கரையும் மணிச்சத்து வேரருகில் தாராளமாகக் கிடைத்தால் கன்று பூஞ்சாணத்தை உள்ளே விடாது. வீட்டில் சமைத்துக்கொண்டு கடைச்சாப்பாட்டுக்கும் காசு கொடுப்பார்களா? சூப்பர் பாஸ்பேட், 19:19:19 கரைசல், கோழி எரு எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். கோழி எருவை இயற்கை உரம் என்ற நம்பிக்கையில் அள்ளிப் போடுகிறார்கள். மணிச்சத்து அதில் ஏராளம். கட்டாயம் மணிச்சத்து வேண்டுமென்றால் ராக் பாஸ்பேட் மாதிரி மெதுவாகக் கரைவதைக் கலவையில் சிறிதளவு சேர்க்கலாம். இலை வெளுத்தால் யூரியாவை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் போதுமானது.

இரண்டாவது கார்பன்டாசிம். இதற்கு டிரைக்கோடெர்மாவும் தாங்காது, வேமும் தாங்காது. வேம் இட்ட பாத்தியில் அழுகல் வந்தேவிட்டது என்றால் முதலில் தண்ணீரை நிறுத்தி, விழுந்த கன்றுகளை அடிமண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, சுற்றியுள்ளவற்றுக்கு டிரைக்கோடெர்மா லிட்டருக்கு 10 கிராம் கரைத்து ஊற்றவும். கன்று நீரில் வெந்தது போல ஒரே நாளில் மடிந்தால் பெரும்பாலும் பித்தியம்தான். அதற்கு மெட்டலாக்சில் கேட்கும், வேமுக்கும் அது பெரிய கெடுதல் செய்வதில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் மெட்டலாக்சில் பொட்டலங்கள் பலவற்றில் மான்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சாணக்கொல்லியும் கலந்திருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். எந்தப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றினாலும் டிரைக்கோடெர்மாவுக்கு முன்னும் பின்னும் பதினைந்து நாள் இடைவெளி விடவும். இரசாயன மருந்து பூசிய விதை வாங்கியிருந்தால் கழுவித்தான் விதைக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். காலையும் மாலையும் குழாய் பிடித்து ஊற்றுவது அக்கறை மாதிரி தெரியும். பையின் மேற்பரப்பில் பச்சைப் பாசி படர்ந்தால் அது அளவுக்கு மீறிய தண்ணீர் என்பதற்குச் சாட்சி. பையைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்த பிறகே ஊற்றுங்கள். கன்று அடர்ந்து நிற்கும் பாத்தியில் மாலைத் தண்ணீரை விட்டுவிட்டுக் காலையில் மட்டும் கொடுத்தாலே நாற்றழுகலில் பெரும் பகுதி குறையும்.

நான்காவது நிழல். பூஞ்சாணத்துக்குச் சாப்பாடு இலையிலிருந்து வருகிறது. இலைக்கு வெயில் வேண்டும். முளைவிடும் நாளுக்குப் பாதி நிழல் தரும் வலை சரி, நான்காவது இலை வந்த பிறகும் அதையே போட்டுவைத்தால் கன்று நெடுநெடுவென்று வளரும், வேர் வெறிச்சோடிக் கிடக்கும். உயரத்தைப் பார்த்து வாங்குபவர்கள் இருக்கும்வரை இந்தப் பழக்கம் போகாது என்பது வேறு கதை.

சொந்தமாக வேம் பெருக்குதல்

வேமைக் கண்ணாடிக் குடுவையில் டிரைக்கோடெர்மா மாதிரி வளர்க்க முடியாது, அதற்கு உயிர்ச்செடி வேண்டும். மக்காச்சோளமும் சோளமும் கேழ்வரகும் இதற்குத் தோதானவை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பமும் முளைக்கீரை, தண்டுக்கீரை இனங்களும் வேமைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, குழியில் தானாக முளைக்கும் கீரையைப் பிடுங்கி எறியுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை எளிது. 1 × 1 மீட்டர், 30 செ.மீ. ஆழக் குழி வெட்டிக் கறுப்பு பாலித்தீன் தாள் விரிக்கவும். 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ நுண்ணுயிர் நீக்கிய மண்ணும் கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, மேற்பரப்பிலிருந்து 2 முதல் 5 செ.மீ. கீழே தாய்வித்தாக வாங்கிய 1 கிலோ வேமைப் பரப்ப வேண்டும். மக்காச்சோள விதையை 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இரண்டு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் கழுவி ஊன்றவும். விதைக்கும்போது குழிக்கு யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். இங்கே சூப்பர் பாஸ்பேட்டா என்று கேட்பீர்கள். 55 கிலோவுக்கு 2 கிராம் என்பது வாசனை காட்டும் அளவுதான். 30-ம், 45-ம் நாள் தலா 10 கிராம் யூரியா. அறுபது நாளில் பயிரை மண்மட்டத்தில் அறுத்துவிட்டு, வேர்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி அதே வெர்மிகுலைட்டில் கலக்கினால் 55 கிலோ வேம் கிடைக்கும். 11,000 கன்றுகள் கொள்ளும் 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு இது வரும்.

கடைசி ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரை நிறுத்தி வாடவிடுங்கள். சாகப்போகிறோம் என்று உணர்ந்த பூஞ்சாணம் வித்துகளை அதிகமாக உருவாக்கும், சரக்கும் உலர்ந்து கைக்கு எளிதாக வரும். நேர்வெயிலில் காயவைக்காமல் நிழலில் ஆற்றிச் சணல்சாக்கில் குளிர்ந்த இடத்தில் வைத்து, அடுத்த பருவத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வெர்மிகுலைட் கிடைக்காதவர்கள் வெயில் மூட்டம் போட்ட மணலும் மண்ணும் பயன்படுத்தலாம். தாய்வித்தே கிடைக்காதவர்கள் முதிர்ந்த, நோயில்லாத மரத்தடியில் சருகை ஒதுக்கி, மேலாக ஒரு சாண் ஆழத்து மண்ணை நுண்வேர்களோடு அள்ளிப் பத்துக்கு ஒரு பங்கு கலவையில் சேர்ப்பார்கள். வேலை செய்யும். கூடவே நூற்புழுவும் அழுகல் கிருமியும் வரும் வாய்ப்பு உண்டு என்பதால் எல்லாப் பைக்கும் போடாமல் ஐம்பது பையில் பார்த்துவிட்டு முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

வேருக்குள் போனதா?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேம் வேரின் வடிவத்தை மாற்றாது, வெளியே முடிச்சும் போடாது. முடிச்சு தெரிந்தால் அது பயறுவகை மரத்தின் ரைசோபியம் பாக்டீரியாவாகவோ, சவுக்கின் முடிச்சு பாக்டீரியாவாகவோ, நூற்புழுவாகவோ இருக்கும். நிச்சயமான வழி சாயம் ஏற்றுவது. நூறு மடங்கு பெரிதாக்கும் சாதாரணப் பள்ளி நுண்ணோக்கி போதும்.

ஆறு அல்லது எட்டு வாரக் கன்றின் மெல்லிய வேர்களைக் கழுவி, ஒரு செ.மீ. துண்டுகளாக்கவும். 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்து, வேர் கண்ணாடி போல ஆகும்வரை சுடவைக்கவும். இது தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இறங்க வேண்டாம், அலுமினியப் பாத்திரமும் கூடாது. நன்றாக அலசி, வெள்ளை வினிகரில் 5 சதவீதம் கறுப்புப் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவைக்கவும். சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் வேர் வெளுத்துப் பூஞ்சாணம் மட்டும் நிறம் பிடித்து நிற்கும். நூல்களும் இடையிடையே முட்டை வடிவப் பைகளும் தெரிந்தால் குடியேறிவிட்டது. மரவேர் பழுப்பாக இருந்து கண்ணை மறைத்தால் சாயத்துக்கு முன் ஹைட்ரஜன் பெராக்சைடில் சில நிமிடம் வெளுக்கவிடவும். நூறு துண்டில் பாதிக்கு மேல் பூஞ்சாணம் தெரிந்தால் திருப்தி அடையலாம். பத்தோ பதினைந்தோ என்றால் மேலே சொன்ன நான்கில் எது என்று தேட வேண்டும்.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் குறைந்தது ஐம்பது பையை வேம் இடாமல் அதே பாத்தியில் அடையாளம் வைத்து வளர்க்கட்டும். மூன்றாம் மாதம் இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துக் கன்றின் கழுத்துப் பருமனை அளந்து பார்த்தால் காசு வீணானதா என்று தெரிந்துவிடும். உயரத்தை அளப்பதைவிடத் தண்டின் பருமனை அளப்பது நம்பகமானது.

வேம் மட்டும் போதாத மரங்கள்

சவுக்குக்கு வேமோடு பிராங்கியாவும் வேண்டும். அது பூஞ்சாணம் அல்ல, ஒருவகை பாக்டீரியா. சவுக்கின் வேர் முடிச்சில் உட்கார்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தருவது அதுதான். நல்ல சவுக்குத் தோப்பின் புது முடிச்சுகளைப் பறித்து, கழுவி, அரைத்து, தண்ணீரில் கரைத்து ஊற்றுவது வழக்கம்.

தைலமரத்தின் இளவேரில் வேம் வரும், பிறகு வேரின் வெளியே உறை போர்த்தும் வேறொரு பூஞ்சாணக் கூட்டம் இடத்தைப் பிடிக்கும். தைலத் தோப்பில் மழைக்குப் பின் தரையை முட்டிக்கொண்டு எழும், உடைத்தால் பழுப்புத் தூள் கொட்டும் பிசோலித்தஸ் காளான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. முற்றிய காளானின் தூளை இரண்டு சொட்டுத் திரவ சோப்பு விட்ட தண்ணீரில் கரைத்து, நடவு செய்த மூன்று நான்கு வாரத்தில் வேரில் ஊற்றலாம். சோப்பு இல்லாவிட்டால் தூள் மிதக்கும். மலைப்பகுதியில் வளர்க்கும் பைனுக்கு வேம் பயனே இல்லை. பைன் தோப்பு மண் ஒரு கூடை போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கோங்கு, வெள்ளைக் குங்கிலியம் போன்றவற்றுக்கும் உறைப் பூஞ்சாணம் வேண்டியிருப்பதால் தாய்மரத்தடி மண்ணைச் சேர்ப்பதே நடைமுறை.

வயலுக்கு அனுப்பும்போது

நடவுக்கு ஒரு மாதம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, பைகளை இடம் மாற்றி, அடியில் மண்ணுக்குள் இறங்கிய வேரை வெட்டிவிடவும். வேம் ஏறிய கன்று இந்த வாட்டத்தைத் தாங்கிப் புதுவேர் விடும். ஐப்பசி மழையில் நடும்போது பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். கட்டியை உதறிவிட்டு நட்டால் இத்தனை மாதம் வளர்த்த இழைகள் அத்தனையும் அறுந்துபோகும். நாற்றங்காலில் வேம் கொடுக்காத கன்று வாங்கியிருந்தால் நடவுக் குழியில் வேரையொட்டி 20 கிராம் போடலாம், ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரத்துக்கு 200 கிராம். குழிக்கு ஒரு பிடி டிஏபி போடும் ஆளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.